வாசகர் வந்த பிறகுதான் பதிப்பகமா?

புதியவர்களின் எழுத்துக்காக, அதுவும் பல மொழிகளிலும் பல நாடுகளிலும் எழுதுகிறவர்களுக்காக, ஒரு சிறு பதிப்பகம் தொடங்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால் நம்மிடையே உடனே கிளம்பும் பதில் ஏறத்தாழ ஒன்றுதான்: கையைச் சுட்டுக்கொள்ளாதே. பெயர் தெரியாதவர்களின் புத்தகத்தை யார் வாங்குவார்கள்? எழுத வேண்டும் என்று நினைப்பவர்கள் ஃபேஸ்புக்கில் எழுதிக்கொள்கிறார்கள், கிண்டிலில் தாங்களே ஏற்றிக்கொள்கிறார்கள், ஐம்பது பிரதி வேண்டுமென்றால் ஐம்பது மட்டும் அச்சடித்துத் தர அச்சகங்கள் இருக்கின்றன. உண்மையிலேயே நல்ல எழுத்து என்றால் பெரிய பதிப்பகங்கள் தேடி வந்து வாங்கிக்கொள்ளும். உலகம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்க்க அவர்களால்தான் முடியும். நடுவில் நீ எதற்கு?

இதைச் சொல்பவர்கள் இலக்கியத்துக்கு எதிரானவர்கள் இல்லை. அச்சகத்துக்குப் பாக்கி வைத்துத் திணறிய நண்பர்களை அருகிலிருந்து பார்த்தவர்கள், பரணில் கட்டுக் கட்டாகக் கிடக்கும் கவிதைத் தொகுப்புகளைப் பார்த்தவர்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். அதனாலேயே இந்தக் கருத்தை யாரும் தட்டிக் கேட்பதில்லை. இலக்கியக் கூட்டங்களிலும் புத்தகக் காட்சி அரங்குகளிலும் அனுபவ ஞானம் போல உலவுகிறது. ஆனால் இது அடிப்படையிலேயே பிழையான கருத்து. வாசகர் என்பவர் முன்னாலேயே எங்கோ தயாராக இருக்கிறார், பதிப்பகம் அவரைக் கணக்கெடுத்துவிட்டுக் கடை திறக்க வேண்டும் என்று அது நம்புகிறது. பதிப்பு வரலாற்றில் முக்கியமான எதுவும் அந்த வரிசையில் நடக்கவில்லை.

1966 ஆகஸ்டில் லண்டனில் ஜான் லா ரோஸும் அவருடைய துணைவர் சாரா ஒயிட்டும் நியூ பீக்கன் புக்ஸ் என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். லா ரோஸ் டிரினிடாடில் அரிமா என்ற ஊரில் 1927இல் பிறந்தவர், கவிஞர், தொழிற்சங்கக்காரர், 1961இல் இங்கிலாந்துக்கு வந்தவர். 1930களின் தொடக்கத்தில் டிரினிடாடில் சில ஆண்டுகள் வெளிவந்த பீக்கன் என்ற சிற்றிதழின் நினைவாகத்தான் இந்தப் பெயர். அலுவலகம் என்று தனியாக எதுவும் கிடையாது, வீடுதான். முதல் புத்தகம் லா ரோஸின் சொந்தக் கவிதைத் தொகுப்பு. தன் கவிதையைத் தானே போட்டுக்கொண்ட ஒருவர் என்று அன்று யாராவது கடந்து போயிருந்தால் அவர்களைக் குறைசொல்ல முடியாது.

அன்றைய லண்டனில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் பேருந்து ஓட்டினார்கள், மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தார்கள், ரயில்வேயில் வேலை பார்த்தார்கள். புத்தகம் வாங்கும் கூட்டமாக அவர்களை யாரும் எண்ணவில்லை. பெரிய பதிப்பகங்கள் 1950களில் ஜார்ஜ் லாமிங், சாம் செல்வன் போன்றவர்களின் நாவல்களைப் போட்டிருந்தன என்பது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மக்களின் கவிதை, விமர்சனம், வரலாறு, கைவிட்டுப்போன பழைய நூல்கள் ஆகியவற்றுக்கு அந்தப் பதிப்பகங்களின் பட்டியலில் பெரும்பாலும் இடமில்லை. அவற்றை வாங்க ஆளில்லை என்பதுதான் கணக்கு.

நியூ பீக்கன் 1969இல் செய்த ஒரு காரியத்தைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் ஆந்தனி ஃப்ரூட் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் மேற்கிந்தியத் தீவுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1888இல் ஒரு பயண நூல் எழுதினார். கறுப்பின மக்களுக்குத் தங்களைத் தாங்களே ஆளும் தகுதி கிடையாது என்பது அதன் சாரம். அதற்கு டிரினிடாடின் ஜே. ஜே. தாமஸ் என்ற கறுப்பினப் பள்ளி ஆசிரியர் வரிக்கு வரி மறுப்பு எழுதினார். அந்த மறுப்பு 1889இல் ‘ஃப்ரூடாசிட்டி’ என்ற பெயரில் நூலாக வந்தது. அதே ஆண்டில் தாமஸ் லண்டனில் இறந்துபோனார். ஒரு பேரரசின் பெரிய மனிதரை ஒரு தீவின் வாத்தியார் எதிர்த்து எழுதிய புத்தகம் அது. அதை 80 ஆண்டுகள் கழித்து, எழுத்தாளர் சி. எல். ஆர். ஜேம்ஸின் முன்னுரையோடு, மீண்டும் கையில் எடுத்துப் படிக்கும்படி செய்தது நியூ பீக்கன். தீவு மக்களின் பேச்சுமொழியான கிரியோலுக்குத் தாமஸ் எழுதிய இலக்கண நூலையும் அதே ஆண்டில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்கள். கிரியோலைக் கொச்சை என்று பள்ளிக்கூடங்கள் ஒதுக்கிக்கொண்டிருந்த காலத்தில், அதற்கு இலக்கணம் உண்டு என்று 1869லேயே ஒருவர் எழுதி வைத்திருந்த புத்தகம். இதற்கெல்லாம் சந்தை எங்கே இருந்தது? எங்கும் இல்லை. லா ரோஸ் அந்தக் கேள்வியை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்து 1971. கிரெனடாவிலிருந்து வந்து லண்டன் சிறப்புப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்த பெர்னார்ட் கோர்ட் ஒரு சிறு நூல் எழுதினார். கரீபியப் பெற்றோர்களின் பிள்ளைகள் அளவுக்கு மீறிய எண்ணிக்கையில் ‘கல்வியில் குறைபாடுள்ளோர்’ என்று முத்திரை குத்தப்பட்டுத் தனிப் பள்ளிகளுக்கு அனுப்பப்படுகிறார்கள், பிள்ளைகளிடம் குறையில்லை, அவர்களை அளக்கும் தேர்வுகளிலும் ஆசிரியர்களின் எண்ணத்திலும்தான் குறை என்று அதில் காட்டினார். நூலின் நீண்ட தலைப்பே குற்றச்சாட்டைச் சொல்லிவிடும்: பிரிட்டிஷ் பள்ளி அமைப்பில் மேற்கிந்தியக் குழந்தை எப்படிக் கல்வியில் குறைபாடுள்ளதாக ஆக்கப்படுகிறது என்பது அது. இதை வெளியிட்டது நியூ பீக்கன். கல்வித்துறை நிபுணர்களுக்காக எழுதப்பட்டதல்ல இது, பெற்றோர்களுக்காக எழுதப்பட்டது. இரவுப் பணி முடித்து வந்த தாயும் பேருந்து நடத்துநரான தந்தையும் அதைப் படித்துவிட்டுப் பள்ளிகளில் போய்க் கேள்வி கேட்டார்கள். சனிக்கிழமைகளில் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே பாடம் சொல்லித்தரும் துணைப் பள்ளிகள் பெருகின. வாசகர்கள் இல்லை என்று எல்லோரும் தீர்மானித்து வைத்திருந்த வீடுகளில்தான் அந்தப் புத்தகம் படிக்கப்பட்டது.

நியூ பீக்கனுக்கு ஸ்ட்ரௌட் கிரீன் சாலையில் கடை வந்தது 1973இல். பதிப்பகம் தொடங்கி ஏழு ஆண்டுகள் கழித்து. அதுவரை வீட்டிலும் கூட்டங்களிலும் விற்றார்கள். 1982இல் ஜெசிகா ஹன்ட்லி நடத்திய போகல் லூவர்ச்சர் பதிப்பகத்தோடும் ‘ரேஸ் டுடே’ இதழ்க் குழுவோடும் சேர்ந்து கறுப்பின, மூன்றாம் உலகப் புத்தகங்களுக்கான ஒரு சர்வதேசப் புத்தகக் காட்சியைத் தொடங்கினார்கள். 1995 வரை நடந்தது. புத்தகம் முதலில் வந்தது, பிறகு படிப்பவர்கள் கூடினார்கள், பிறகு கடை வந்தது, அதன் பிறகு புத்தகக் காட்சி வந்தது. சந்தையைப் பார்த்துவிட்டுத் தொடங்கு என்று சொல்கிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

நமக்கு இது புதிய சேதியா? சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது தமிழில் புதுக்கவிதைக்கு வாசகர் என்று யார் இருந்தார்கள்? அது கவிதையே இல்லை என்று பண்டிதர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1962இல் அவர் கொண்டுவந்த ‘புதுக்குரல்கள்’ தொகுப்பில் 24 பேரின் 63 கவிதைகள் இருந்தன. திருகோணமலையில் இருந்த இருபது வயது இளைஞர் தருமு சிவராமுவும் திருவனந்தபுரத்தில் இருந்த நகுலனும் திருவல்லிக்கேணியிலிருந்து வந்த அந்த இதழில்தான் எழுதினார்கள். செல்லப்பா புத்தகங்களைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார் என்பதை நாம் நெகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்கிறோம். நெகிழ்ந்துவிட்டு, அவர் செய்ததையே இன்று ஒருவர் செய்யப்போனால் பைத்தியக்காரத்தனம் என்கிறோம். அவர் சுமந்து போனது பழைய வாசகர்களிடம் இல்லை. வாசகராக இன்னும் ஆகியிராத பிள்ளைகளிடம் போனார். அவர்களில் சிலர் பிறகு எழுதினார்கள், சிலர் ஆசிரியர்களாகி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். புதுக்கவிதை இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறதென்றால் அந்தச் சுமைக்கு அதில் பங்குண்டு.

இனி, அவரவரே வெளியிட்டுக்கொள்ளலாமே என்ற வாதம். அச்சடிப்பது எளிதாகிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, அது நல்லதும்கூட. ஆனால் அச்சடிப்பதையும் பதிப்பிப்பதையும் ஒன்றென்று நினைப்பதால்தான் இந்த வாதமே எழுகிறது.

ஒரு முதல் சிறுகதைத் தொகுப்பின் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். 15 கதைகள். எழுதியவர் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கும் பெண், அல்லது தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்து இப்போது கொழும்பில் கடையில் நிற்பவர். பதிப்பாசிரியர் முதலில் முழுவதும் படிக்கிறார், எதையும் குறிக்காமல். இரண்டாம் முறை பென்சிலோடு படிக்கிறார். மூன்றாவது கதையில் அத்தையின் பெயர் 14ஆம் பக்கத்தில் ஒன்றாகவும் 19ஆம் பக்கத்தில் வேறொன்றாகவும் இருக்கிறது. ஏழாவது கதை இரண்டாவது பத்தியிலிருந்து தொடங்கினால் போதும். பதினோராவது கதையின் கடைசி ஐந்து வரிகளில் எழுதியவர் கதையை விட்டுவிட்டு வாசகருக்கு விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார். அதை எடுத்துவிடலாமா என்று கேட்க வேண்டும், எடுத்துவிட்டேன் என்று சொல்லக்கூடாது. லயத்துப் பேச்சு அப்படியே இருக்கட்டும், சென்னைத் தமிழாக்க வேண்டியதில்லை என்று உறுதி சொல்ல வேண்டும். இரண்டு கதைகள் பத்திரிகைப் போட்டிக்காக எழுதியவை, அவை தொகுப்பில் சேரவில்லை. இதை அந்தப் பெண் மனம் நோகாமல், அதேசமயம் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். பிறகு மெய்ப்பு, ஒருமுறை, மறுமுறை. அட்டை. பின்னட்டையில் நான்கு வரி. பிறகு விமர்சகர்களுக்கு அனுப்பும் பிரதிகள், தொலைபேசி அழைப்புகள், வெளியீட்டுக் கூட்டம், சிறிய ஊர்களின் வாசகர் வட்டங்கள்.

தானே பதிப்பித்துக்கொள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்வது, இந்த வேலை முழுவதையும் ஷிப்டு முடிந்து வந்து நீயே செய்துகொள் என்று சொல்வதாகும். படித்த, வசதியான, நகரத்து நண்பர்கள் நிறைந்த எழுத்தாளருக்கு இணையம் உண்மையிலேயே போதுமானதாக இருக்கலாம். அவருக்குப் படித்துச் சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள், பகிர்வதற்கு நானூறு பேர் இருக்கிறார்கள். யாருமில்லாமல் எழுதுகிறவருக்குத்தான் பதிப்பகம் தேவை. இணையம் வந்து எல்லோரையும் சமமாக்கிவிட்டது என்ற பேச்சில், ஏற்கெனவே மேலே இருந்தவர்களின் வசதி மட்டுமே கணக்கில் வருகிறது.

பெரிய பதிப்பகங்களைப் பற்றியும் பேசியாக வேண்டும், ஏனென்றால் இந்த வாதத்தைச் சொல்பவர்கள் எப்போதும் பரிசுகளைக் காட்டுகிறார்கள். கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவல் டெய்சி ராக்வெல் மொழிபெயர்ப்பில் 2022இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது; பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகள் தீபா பாஸ்தி மொழிபெயர்ப்பில் 2025இல் பெற்றன. பார், இந்திய மொழிகளை உலகம் தேடி வருகிறது, தமிழுக்கும் வரும், காத்திரு என்கிறார்கள். தேடி வந்தது யார் என்று பார்த்தார்களா? கீதாஞ்சலி ஸ்ரீயைப் பிரிட்டனில் வெளியிட்டது டில்டெட் ஆக்சிஸ் என்ற சிறு பதிப்பகம். கொரிய மொழியிலிருந்து மொழிபெயர்ப்பவரான டெபொரா ஸ்மித் 2015இல் தொடங்கியது அது. பானு முஷ்தாக்கை வெளியிட்டது ஷெஃபீல்டில் இருக்கும் அண்ட் அதர் ஸ்டோரீஸ், அதுவும் சிறு பதிப்பகமே. பெரிய நிறுவனங்கள் இந்த இரண்டு நூல்களின் இந்தியப் பதிப்பைக் கொண்டுவந்தன. அது பயனுள்ள வேலை. ஆனால் பரிசுக் குழுவின் மேசைக்கு அந்த இரண்டு நூல்களும் போனது சிறு பதிப்பகங்களின் வழியாக.

அண்ட் அதர் ஸ்டோரீஸின் இன்னொரு நூலையும் சொல்கிறேன். டெபொரா லெவி பல ஆண்டுகள் எழுதிவந்த எழுத்தாளர், பிரிட்டனுக்குள்ளேயே, ஆங்கிலத்திலேயே எழுதுகிறவர். அவருடைய ‘ஸ்விம்மிங் ஹோம்’ நாவலைப் பெரிய பதிப்பகங்கள் ஏற்கவில்லை. அன்றைய சந்தைக்கு அது ரொம்பவும் இலக்கியத்தனமாகப் பட்டதாம். 2011இல் இந்தச் சிறு பதிப்பகம் வெளியிட்டது. மறுவருடம் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் அது இருந்தது. பெரிய பதிப்பகங்களில் இருப்பவர்கள் ரசனை கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பலர் மிக நன்றாகப் படிப்பவர்கள். ஆனால் அங்கே ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க விற்பனைப் பிரிவின் சம்மதம் வேண்டும், விற்பனைப் பிரிவு இதைப்போல ஏற்கெனவே எது விற்றது என்று கேட்கும். புதிய எழுத்தாளரைப்போல ஏற்கெனவே எதுவும் விற்றிருக்காது. அதனால்தான் அவர் புதியவர்.

பெரியவர்கள் நிலையானவர்கள் என்ற நம்பிக்கையும் சோதித்துப் பார்க்கப்படாதது. அமேசானுக்குச் சொந்தமாக இருந்த வெஸ்ட்லேண்ட் பதிப்பகம் 2022 பிப்ரவரியில் மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. பெருமாள்முருகனின் பூனாச்சி நாவலின் ஆங்கிலப் பதிப்பு உட்பட முக்கியமான பல நூல்களை வெளியிட்ட இடம். அந்த நூல்கள் கடையிலிருந்து மறைவதற்குள் வாங்கிவிடுங்கள் என்று எழுத்தாளர்கள் வாசகர்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. உலகத்தின் மிகப் பெரிய புத்தகக் கடைக்காரர் பின்னால் நின்ற பதிப்பகத்துக்கு நேர்ந்தது இது. (அதில் பணியாற்றியவர்கள் பிறகு வேறொரு நிறுவனத்தோடு சேர்ந்து மீண்டு வந்தார்கள், அது அவர்களின் உறுதி.)

மூன்று வருடத்தில் மூடிவிடுவாய் என்பது அடுத்த வாதம். மூடலாம்தான். நைஜீரியாவின் இபாதானில் 1961இல் மபாரி என்ற எழுத்தாளர், கலைஞர் சங்கம் தொடங்கியது. வோலே சோயிங்கா, சினுவா அச்செபே, கிறிஸ்டோபர் ஒகிக்போ, ஜே. பி. கிளார்க் என்று இன்று நாம் அறிந்த பெயர்கள் அதில் இருந்தன. ஜெர்மனியில் பிறந்த உல்லி பையர் முன்னின்று நடத்தினார். சங்கத்தின் பதிப்பகம் ஒகிக்போவின் கவிதைகளைப் போட்டது, கிளார்க்கின் நாடகத்தைப் போட்டது. அதோடு நிற்கவில்லை. கேப் டவுனைச் சேர்ந்த அலெக்ஸ் லா கூமாவின் ‘எ வாக் இன் த நைட்’ 1962இல் இபாதானில் அச்சாகி வெளிவந்தது. லா கூமாவின் எழுத்தைத் தென்னாப்பிரிக்காவில் அச்சிடவோ மேற்கோள் காட்டவோ கூடாது என்று அந்த அரசு தடை போட்டிருந்தது. டென்னிஸ் புரூட்டஸின் முதல் கவிதைத் தொகுப்பும் 1963இல் அங்கிருந்தே வந்தது. சொந்த நாட்டில் வாய் கட்டப்பட்ட இருவருக்கு, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், வேறு மொழிகள் பேசும் ஊரில் இருந்த ஒரு சின்னப் பதிப்பகம் அச்சு கொடுத்தது.

1967இல் உள்நாட்டுப் போர் வந்தது. ஒகிக்போ பிரிந்துபோக முயன்ற பியாஃப்ராவுக்காகப் போரிட்டு அதே ஆண்டில் இறந்தார். மபாரியின் பதிப்புப் பணி சில ஆண்டுகளோடு முடிந்துபோனது. தோல்வி என்று எழுதிவிடலாமா? லா கூமாவின் நூலை ஹைன்மன் நிறுவனம் தன் ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையில் 1967இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்து உலகமெங்கும் பரப்பியது. 1962இல் அச்செபேயின் நாவலோடு தொடங்கிய அந்த வரிசை மாபெரும் சாதனை, அதை ஒரு பெரிய நிறுவனம் செய்தது என்பதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நிறுவனமும் 1980களில் நைஜீரியாவின் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து பள்ளிக்கூட விற்பனை படுத்ததும் கையைச் சுருக்கிக்கொண்டது. எத்தனை ஆண்டு உயிரோடு இருந்தது என்பதை வைத்துப் பதிப்பகத்தை அளந்தால் பல்பொடிக் கம்பெனிக்கும் பதிப்பகத்துக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். ‘எழுத்து’ வந்தது பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. என்ன விட்டுச்சென்றது என்று கேளுங்கள்.

பல பண்பாடுகள் என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்கு வேறொரு சந்தேகம் வருகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. பிற மொழி எழுத்தைக் கொண்டுவருகிறோம் என்ற பெயரில் துயரத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொண்டுவருவது, எல்லா ஊர்ப் பெண்ணும் ஒடுக்கப்பட்டவள், எல்லா ஊர் ஏழையும் அழுகிறவன் என்று ஒரே அச்சில் வார்ப்பது உலகப் புத்தகச் சந்தையில் நடக்கிறது. ஆனால் அதை அதிகம் செய்வது யார்? ஒரு நாட்டிலிருந்து ஒரே ஒரு புத்தகம் போட இடமுள்ளவர்கள் செய்கிறார்கள். ஒரே புத்தகம் என்றால் அது அந்த நாடு முழுவதையும் சுமக்க வேண்டியிருக்கிறது. நியூ பீக்கன் போட்ட பட்டியலில் கவிதை, இலக்கணம், கல்வி, விமர்சனம் எல்லாம் இருந்ததால் எந்த ஒரு நூலும் கரீபியத்தின் பிரதிநிதியாக நிற்க வேண்டியிருக்கவில்லை. பானு முஷ்தாக்கின் ஆங்கிலத் தொகுப்பை எடுத்துப் பாருங்கள். ஆறு கன்னடத் தொகுப்புகளிலிருந்து மொழிபெயர்ப்பாளரே 12 கதைகளைத் தேர்ந்தெடுத்தார். 1990இலிருந்து 2023 வரை எழுதியவை. ஹாசனில் வாழும் ஒரு வழக்கறிஞரின் முப்பது வருட எழுத்துக்குள் புகுந்து, கோபமும் கிண்டலும் பக்தி மீதான சந்தேகமும் கலந்த ஒரு தொகுப்பைக் கட்டியிருக்கிறார்கள். அந்த மொழியிலேயே வாழ்கிற ஒருவர் செய்த தேர்வு அது.

தமிழுக்குள் பிறமொழி எழுத்தைக் கொண்டுவந்ததில் நமக்குப் பெரிய மரபு இருக்கிறது. காண்டேகரை மராத்தியிலிருந்து கா. ஸ்ரீ. ஸ்ரீ. கொண்டுவந்தார், வங்காளத்திலிருந்து த. நா. குமாரசாமியும் த. நா. சேனாபதியும் கொண்டுவந்தார்கள். மூலமொழியிலிருந்து நேராக, அந்த மக்களோடு பழகிச் செய்த வேலை. இன்று நாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பரிசு பெற்றதைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கிறோம். லண்டன் தேர்ந்தெடுத்ததை நாம் மறுபடி தேர்ந்தெடுக்கிறோம். சிங்களத்தில் இந்த ஆண்டு முதல் தொகுப்பு போட்டிருக்கும் இளைஞர் யார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கத்தில் மைசூரில் எழுதும் புதியவரை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே ஒடியாவில் எழுதும் ஒருவரை, யார் தேடப்போகிறார்கள்? இதைப் பெரிய பதிப்பகம் செய்யாது என்று குறைசொல்ல நான் வரவில்லை. அவர்களுடைய கணக்கில் இது வராது. இதைச் செய்யும் ஆட்கள் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இனி பணம். எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இதுதான், இதில் சிறு பதிப்பகங்களின் பக்கமும் வெட்கப்பட வேண்டியது நிறைய இருக்கிறது. கவிஞரிடமே பணம் வாங்கி அச்சடித்துவிட்டு, நூறு பிரதியை அவர் கையில் கொடுத்துவிட்டு, மீதியைப் பற்றிப் பேச்சே எடுக்காத பழக்கம் நம்மிடையே வேரோடியிருக்கிறது. ஒப்பந்தம் கிடையாது. ராயல்டி கேட்டால் மனத்தாங்கல். மொழிபெயர்ப்பாளருக்கு மொத்தமாக ஒரு தொகை, அதுவும் தவணையில். அட்டையில் அவர் பெயர் இருக்காது. இலட்சியத்துக்காக நடத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு எழுதியவரைச் சுரண்டுகிற பதிப்பகத்தை நான் ஆதரிக்கவில்லை. அப்படிப்பட்ட இடம் மூடப்படுவதில் எனக்கு வருத்தமும் இல்லை.

200 ரூபாய் விலையுள்ள ஒரு புத்தகத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடைக்காரருக்கு 40 சதவீதம் கழிவு என்றால் 80 ரூபாய். எழுத்தாளருக்கு 10 சதவீதம், 20 ரூபாய். மீதி 100 ரூபாயில் தாள், அச்சு, பைண்டிங், பக்க வடிவமைப்பு, மெய்ப்பு, அட்டை ஓவியம், கூரியர், மொழிபெயர்ப்பு என்றால் அதற்கும் கூலி. 300 பிரதி மட்டும் அடித்தால் ஒரு பிரதியின் அச்சுச் செலவே இதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். கடை வழியாக மட்டும் விற்று, நூலக ஆணையை மட்டும் நம்பி இதை நடத்த முடியாது. இந்த அளவில் எச்சரிப்பவர்கள் சொல்வது சரி. ஆனால் அதிலிருந்து தொடங்காதே என்ற முடிவுக்கு எப்படிப் போகிறார்கள்? வேறு மாதிரி நடத்து என்றுதானே அந்தக் கணக்கு சொல்கிறது?

அண்ட் அதர் ஸ்டோரீஸ் தன் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் என்ன அச்சிடுகிறது என்று பாருங்கள். நெருக்கமான சிறிய எழுத்தில், வரிசையாக, பெயர்கள். பக்கம் திருப்பினால் இன்னும் பெயர்கள். இவர்கள் நன்கொடையாளர்கள் இல்லை, சந்தாதாரர்கள். என்ன புத்தகம் வரப்போகிறது என்று தெரியாமலே முன்பணம் கட்டியவர்கள். அந்தப் பணம் கடைக்காரரின் கழிவுக்கு முன்னால், அச்சகத்தின் பில்லுக்கு முன்னால் வந்து சேர்கிறது. இத்தனை பிரதிக்கு ஆள் இருக்கிறது என்று அச்சடிக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. கடை வழியாகப் போகாத பிரதியில் அந்த 80 ரூபாய் பதிப்பகத்திடமே நிற்கிறது. மெய்ப்புப் பார்ப்பவருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் கொடுக்க வேண்டியது அதிலிருந்து வரலாம். ஐந்நூறு சந்தாதாரர்கள் ஒரு சிறு பதிப்பகத்துக்கு வருடத்தில் நான்கு புத்தகங்கள் போடும் தைரியத்தைக் கொடுத்துவிடுவார்கள். தமிழில் நல்ல இலக்கியம் படிப்பவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்களில் ஐந்நூறு பேர் கிடைக்க மாட்டார்களா?

தொடங்குகிறவர்கள் எழுத்தில் ஒப்பந்தம் போடட்டும், வருடத்துக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கை எழுத்தாளருக்கு அனுப்பட்டும், மொழிபெயர்ப்பாளரின் பெயரை அட்டையில் போடட்டும், முதல் பட்டியலில் ஏற்கெனவே புகழ்பெற்ற ஒரு பெயரைக்கூடச் சேர்க்காமல் இருக்கட்டும். அவர்களுக்குக் கையைச் சுட்டுக்கொள்ளாதே என்று சொல்ல வருகிறவர்கள், அதைச் சொல்லும் முன் ஓர் ஆண்டுச் சந்தாவைக் கட்டிவிட்டு வரட்டும்.